கண் எழுதாத பதினோரு மிருகங்கள்

கருப்புப் பெயிண்ட் மூடியைத் திறந்ததும் கையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், பார்த்துவிட்டேன். நிற்கிறது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, நிற்கிறது. நேற்றும் நின்றது, முந்தாநாள் சாயந்தரமே நின்றது, ஆனால் கத்தரிக்காய் நறுக்கும்போது நிற்கிறது வேறு, கண் எழுதும்போது நிற்கிறது வேறு, கத்தரிக்காய்க்கு என்ன தெரியும். இந்த மானுக்குத் தெரியும். ஒரு சாண் உயரம்தான், உள்ளே கம்பி, கம்பிக்கு மேல் தேங்காய் நார், நாருக்கு மேல் ஈரமாக இழுத்து ஒட்டிக் காயவைத்த வெள்ளாட்டுத் தோல், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. முதுகுக்குத் தேன் நிறம், வயிற்றுக்கு அரிசி களைந்த தண்ணீர் நிறம், காதுக்குள்ளே லேசாகச் சிவப்பு, எல்லாம் அடித்து முடித்துப் பன்னிரண்டு நாளாகிறது. கண் மட்டும் இல்லை. தோல் ஈரமாக இருந்தபோது நான் சுண்டுவிரல் நுனியால் அழுத்தின இரண்டு குழி இருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் அலமாரியில் இன்னும் பத்து. மான் நாலு, யானை மூன்று, ஒட்டகம் இரண்டு, கழுதை ஒன்று. எல்லாம் குழியோடு நிற்கின்றன, எல்லாவற்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். "கண்ணே இல்லாததுங்களை எதுக்குக்கா திருப்பி வெச்சிருக்க, அதுங்க உன்னைப் பாக்கவா போகுது?" என்று ஷமீமா கேட்டாள். அதுகள் பார்க்காது. நான் பார்ப்பேனே.

மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. இந்த வீட்டைத்தான், நான் உட்கார்ந்திருக்கிற இந்த வீட்டை. மாசக் கடைசியில் காலி செய்துவிடுகிறேன் என்று நானே என் வாயால் ஷமீமாவிடம் சொன்னேன். மாடியில் அவள், கீழே நான், பதினாறு வருஷம். வீட்டுக்காரி என்று பேர்தான், அவள் மேலே கம்பி வளைத்து நார் சுற்றித் தோல் போர்த்திக் கொடுப்பாள், நான் கீழே மடிப்பு எடுத்துச் சாயம் அடித்து முகம் எழுதுவேன், உடம்பு அவளுடையது முகம் என்னுடையது. ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், தோலில் மிருகம் செய்கிறவர்கள் ஹயாத் பாய் பட்டறைக்காரர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பியூலா பெங்களூரில், கிங்ஸ்லி ஒரகடத்தில், நான் ஆறு மாசம் இவளிடம், ஆறு மாசம் அவனிடம். ஈஸ்டர் அன்றைக்குப் பிரியாணி பரிமாறும்போது என் கையிலிருந்த கரண்டி தட்டு விளிம்பில் டக்டக்டக்கென்று அடித்தது, மருமகன் நிமிர்ந்து பார்த்தார், நான் சிரித்துக்கொண்டே கரண்டியை மற்றக் கைக்கு மாற்றினேன், அந்தக் கையும் அடித்தது. பியூலா சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து நின்று, "போதும்மா தோலும் சாயமும். நீ வந்துடு" என்றாள். அதட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது, அவள் கெஞ்சுகிற பிள்ளை இல்லை. சரி என்றேன். வேறென்ன சொல்வேன். நல்ல பிள்ளைகள்தான் ஆண்டவரே, நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வீட்டில் நான் காலையில் எழுந்து எதைத் தொடுவேன்? பியூலா வீட்டில் துவைக்க மிஷின், அரைக்க மிஷின், தரை துடைக்கக்கூட வட்டமாக ஒன்று தானே ஓடுகிறது, போன தடவை அது என் காலை வந்து முட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்று, திரும்பிப் போயிற்று. இன்றைக்குக் கை நின்றால் போகவேண்டாம். நான் எனக்குச் சொல்லிக்கொண்டது அதுதான். மானுக்கு இரண்டு கண்ணும் பிசகாமல் விழுந்தால் வருகிறவர்களிடம் வீடு இல்லை என்று சொல்லிவிடுவேன். விழாவிட்டால் சமையலறையைத் திறந்து காட்டுவேன்.

மின்விசிறியை நிறுத்திவிட்டேன், காற்று பட்டால் பிரஷ் நுனியிலேயே கருப்பு காய்ந்துவிடும். வியர்வை புருவத்தில் நிற்கிறது. முதலில் இடது கண். மேல் இமைக் கோடு, ஒரே இழுப்பு, நடுவில் நிறுத்தினால் நிறுத்தின இடம் தெரியும். தோல் காகிதம் மாதிரி இல்லை, குடித்துவிடும், குடித்ததைத் திருப்பிக் கொடுக்காது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு யானைக்கு எழுதப்போய்க் கருப்பு கன்னத்தில் வழிந்து, தேய்க்கத் தேய்க்கப் பரவி, யானை விடியவிடிய அழுத மாதிரி ஆகிவிட்டது. எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் தண்ணீர் அடுப்பில் போட்டுவிட்டேன். நெருப்பில் தோல் சுருண்டு நாறிய நாற்றத்துக்கு ஷமீமா மாடியிலிருந்து, "யார்க்கா, யார் செருப்பை எரிக்கிற?" என்று கத்தினாள். அவள் மூன்று நாள் உட்கார்ந்து செய்த உடம்பு அது, எப்படிச் சொல்வேன், பழைய செருப்புதான் என்றேன். ஒரு பொய். ஹயாத் பாயிடம் வெள்ளைப் பெயிண்ட் தீர்ந்துபோச்சு, அதனால்தான் கண் எழுதவில்லை என்றேன். இரண்டாவது பொய். அவர் பாவம் அன்றைக்கே ஆட்டோவில் இரண்டு பாட்டில் அனுப்பிவிட்டார், முன்னால் இருந்ததோடு சேர்ந்து மூன்று பாட்டில் வெள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சுண்டுவிரலை மானின் தாடையில் ஊன்றிக்கொள்கிறேன். மூச்சை நிறுத்துகிறேன். அண்ணன் மூச்சை நிறுத்தாமலே வெட்டுவான். தேவநேசன் அண்ணன், ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டுவான், ஒரு முழுத் தோலில் ஒரு விரற்கடை வீணாகாது. அவனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல் மட்டும், காசை உருட்டுகிற மாதிரி. அப்புறம் கை. ஆட்டக்கை மாஸ்டர் என்று பையன்கள் பேர் வைத்தார்கள், அவன் காதுபடவே கூப்பிட்டார்கள், அவனும் "என்னடா?" என்று திரும்பிப் பார்ப்பான். அதைக்கூடத் தாங்கினான். திருவிருந்தில் போதகர் பாத்திரத்தை அவன் வாயருகே கொண்டுபோனபோது இவன் மரியாதைக்குக் கையைக் கொடுக்க, திராட்சரசம் போதகரின் வெள்ளை அங்கியில் மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும் கொட்டிற்று. போதகர் குனிந்து அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அண்ணன் பந்திக்கு முன்னால் போகவில்லை, கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். நானும் மூன்று மாசமாகத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறேன். இழுத்துவிட்டேன். என்ன இது, நினைத்துக்கொண்டே இழுத்துவிட்டேன், இமைக் கோடு வந்திருக்கிறது, புளியங்கொட்டை முதுகு மாதிரி வளைந்து, நடுங்காமல் வந்திருக்கிறது.

உள்ளே கருப்பை நிரப்புவது பெரிய வேலையில்லை. நிரப்பிக்கொண்டே யோசிக்கலாம். யோசிக்காமல் இருக்கத்தான் முடியவில்லை, ஆறு நாளாக அந்த டாக்டரம்மா சொன்னதையே நெல் புடைக்கிற மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் டாக்டர் மே மாசம் பார்த்தவர், நரம்பு வியாதியாக இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார், அதைக் கல்யாணப் பட்டுச்சேலையின் மடிப்புக்குள் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. இந்த டாக்டரம்மா சபையில் நடந்த இலவச முகாமுக்கு வந்தது, பியூலாவைவிடச் சின்னது. அங்கிருந்து நேரே பட்டறைக்குச் சாயம் அடிக்கப் போகலாம் என்று என் சாமான் டப்பாவையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" "பிரஷருக்கு ஒண்ணுங்க, காலையில." "வேற?" "வேற ஒண்ணும் இல்லைங்க." "கை மடியில சும்மா இருக்கும்போது ஆடுதா, நீட்டினா ஆடுதா?" கை எப்போது சும்மா இருந்தது, பார்த்திருக்க? சமைக்கும், துவைக்கும், மடிப்பு எடுக்கும், ஜெபம் பண்ணும்போதுகூட ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதானே இருக்கும். "தெரியலைங்க, அது சும்மா இருந்ததில்லை" என்றேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தது. "இப்ப இருக்கட்டும். மடியில வெச்சுட்டு உட்காருங்க, ரெண்டு பேரைப் பாத்துட்டு வர்றேன்." உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் வலது கை தானாக முந்தானைக் கரையில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. "அம்மா! சும்மா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அதட்டல், வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது, அறுபது வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையை மலர்த்தி வைத்துக்கொண்டேன். மடியில் ஆடவில்லை. நீட்டச் சொன்னது, ஆடியது. அந்தப் பெண் என் நகத்தைப் பார்த்தது. "நகத்துல என்னம்மா இது, மஞ்சளா?" "சாயங்க. தோல்ல மிருகம் செய்யறோம்." காட்டலாம் என்று டப்பாவைத் திறந்தேன், குத்தூசி, பிரஷ், மடிப்பு எடுக்கிற மூங்கில் சீவல், ஒரு குட்டி யானை, அதற்கடியில் அந்த மாத்திரை அட்டை, என் கட்டைவிரல் ரேகை தேன் நிறத்தில் பதிந்தபடி. "இது யாருக்கு?" "அது வேலைக்குங்க." "வேலைக்கா?" "சாயம் அடிக்கிற அன்னிக்கு மூச்சு இழுக்கும், அதனால முன்கூட்டியே ஒண்ணு போட்டுக்குவோம்." "ஒண்ணா?" "ஆர்டர் ஜாஸ்தின்னா மூணு. நாலும் போட்டிருக்கேன்." "இதை ஏம்மா சொல்லலை?" "நீங்க மாத்திரைதானேங்க கேட்டீங்க." இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு உண்மையாகத்தான் சொன்னேன். மருந்து டப்பாவில் இருக்கிறது மாத்திரை, சாமான் டப்பாவில் இருக்கிறது சாமான். பசை, ஊசி, அது. எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான்.

இந்த மாத்திரையே கையை ஆட வைக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் உடனே சந்தோஷப்படவில்லை. பயம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று மாசம் ஆகியிருந்தது, எழுந்து போ என்றால் உடனே போகுமா. "அப்ப எங்க அண்ணனோடது இல்லையா?" என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அது பொறுமையாக, "நிறுத்திப் பாருங்க. நாலஞ்சு நாள்ல நின்னுச்சுன்னா இதுதான். நிக்கலைன்னா ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம். இழுப்புக்கு வேற மருந்து தர்றேன், சாயத்தை வெளியில காத்தோட்டமா வெச்சு அடிங்க" என்றது. வீட்டுக்கு வந்து ஷமீமாவிடம் சொன்னேன், அந்த மாத்திரையை எனக்குப் பழக்கினது அவள்தான். முகம் செத்துப்போயிற்று அவளுக்கு. "நான் என்ன விஷமா குடுத்தேன்? எங்க மாமியாரும் இதைத்தான் வருசக்கணக்கா போட்டாங்க, அவங்க கை ஆடலையே." "உங்க மாமியார் சாயம் அடிச்சாங்களா?" "இல்ல, வாய் அடிச்சாங்க. அதுக்கும் மூச்சு வேணுமில்ல" என்றாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவளும் இரண்டு போடுகிறவள்தான், ஆனால் நார் சுற்றுகிற கைக்குக் கொஞ்சம் ஆடினால் தெரியாது. முகம் எழுதுகிற கைக்குத்தான் தெரியும். நாலாம் நாளே எழுதிப் பார்த்திருக்கலாம். ஐந்தாம் நாள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதாதவரைக்கும் நின்றுவிட்டது என்று நம்பலாமே. இன்றைக்கு ஆள் வருகிறதென்பதால் உட்கார்ந்தேன். இப்போது வெள்ளை. கருப்பு மட்டும் இருக்கும்போது அது குழியில் விழுந்த மிளகு, கண் இல்லை. அதன் மேல் கடுகில் கால்வாசி வெள்ளைப் பொட்டு வைத்தால்தான் பார்க்கும். பொட்டு கொஞ்சம் பெரிதானால் பயந்த மிருகம், கீழே இறங்கினால் சீக்கு மிருகம். இரண்டு கண்ணுக்கும் வெளிச்சம் ஒரே ஜன்னலிலிருந்து வரவேண்டும். மூச்சை நிறுத்து. ஆண்டவரே. வைத்துவிட்டேன். பிரஷை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் மானைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன். அப்புறம் பார்த்தேன். பார்க்கிறது. இடது பக்கத்து மான் உயிரோடு இருக்கிறது, வலது பக்கத்து மான் இன்னும் குருடு.

போன் அடிக்கிறது. பியூலா. இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாளே, லேபில் கூட்டம் குறைகிற நேரம் ஆறு மணிதான், அதுவரைக்கும் வரிசையாக நீட்டுகிற கைகளில் நரம்பு தேடி ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பாள். வீடு பார்க்க ஆள் வருகிறதென்று சொல்லியிருந்தேன், அதைத்தான் கேட்பாள். பிரஷில் கருப்பு தோய்த்தாயிற்று, இப்போது எடுத்தால் காய்ந்துவிடும், எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள். அடிக்கட்டும் கண்ணே, இரண்டு நிமிஷம். போன் அடித்துக்கொண்டே மேஜையில் நகர்கிறது, அதன் அதிர்வு மேஜைக்கு வருகிறது, மேஜையிலிருந்து மானின் காலுக்கு, மானின் தாடையில் ஊன்றின என் சுண்டுவிரலுக்கு. ஐயோ. நடுங்குகிறது. இல்லை, இது போன். கையா போனா, போனா கையா. அந்த ஈஸ்டர் கரண்டி, அண்ணனின் கட்டைவிரல், போதகரின் அங்கி, எல்லாம் ஒரே வரிசையாக வந்து நிற்கின்றன. பிரஷைத் தூக்கிவிட்டேன். போன் நின்றது. நின்ற பிறகு காற்றில் நீட்டின பிரஷைப் பார்த்தேன், நுனியில் மூன்று மயிர், மூன்றும் அசையாமல், ஜன்னல் வெளிச்சத்தில். போன்தான். நல்லாயிரு போனே. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் தனியாக. திரும்பக் கருப்பு தொட்டு, திரும்பச் சுண்டுவிரல் ஊன்றி, இமைக் கோடு. மானே, உன்னைச் செய்தவள் மாடியில் இருக்கிறாள், உனக்குத் தோல் கொடுத்த ஆடு எங்கே மேய்ந்ததோ, உன்னைப் படைத்தேன் என்று நான் சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும், கண் மட்டும் எழுத விடு. விட்டது. நிரப்பினேன். வெள்ளை தொட்டேன், ஜன்னல் எந்தப் பக்கம், ஆமாம் அந்தப் பக்கம், மேல் ஓரம். வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கை ஆடவில்லை, பொட்டு வழியவில்லை, மணி அடிக்கவில்லை, வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தெருவில் உப்பு விற்கிறவன் போகிறான். மேஜையில் ஒரு மான் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை மாசம் கெஞ்சினது இதற்கா, இவ்வளவு சாதாரணமாகவா கொடுப்பீர் ஆண்டவரே? இரண்டாவது மானை எடுத்தேன். எழுதினேன். யானையை எடுத்தேன், எழுதினேன். கழுதைக்கு எழுதும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

ஷமீமா முன்னால், அவளுக்குப் பின்னால் ஓர் இளம் தம்பதி, அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாசம் இருக்கும், வெயிலில் முகம் சிவந்து, காலையிலிருந்து பார்க்கிற ஐந்தாவது வீடு என்று புருஷன் சொன்னார். சந்தோஷத்தைச் சொல்ல இவர்கள்தானா கிடைத்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பெண் குடித்து முடிக்கிறவரைக்கும் காத்திருந்து, "வீடு காலி ஆகலைம்மா, மன்னிச்சுக்கணும். நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றேன். "என்னங்க இது, வரச்சொல்லிட்டு இப்படி?" என்று அவர் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா அவரைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தாள், மானைப் பார்த்தாள், கழுதையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "ஆமாங்க, காலி இல்ல. எங்கயும் போகமாட்டாங்க இவங்க, இனிமே நானே போகச்சொன்னாலும் போகமாட்டாங்க" என்று அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போக, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் மட்டும் மேஜைப் பக்கம் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, "ஏங்க, இங்க வாங்களேன். நான் எந்தப் பக்கம் போனாலும் இது என்னையே பாக்குது" என்றாள். கோபமாக இருந்த மனுஷனும் குனிந்தார். "என்னைத்தான் பாக்குது" என்றார். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அதற்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து பார்த்தார்கள். பெரிய தெருவில் ரோசலின் டீச்சர் வீட்டுக் கீழ்ப்பகுதி பூட்டிக் கிடக்கிறது, நான் சொன்னேன் என்று போய்க் கேளுங்கள் என்று அனுப்பினேன். வாசல் தாண்டினதும் ஷமீமா என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, "சொல்லியிருக்கக் கூடாதா பாவி, மேலயிருந்து எத்தனை துஆ கேட்டேன் தெரியுமா, தொண்டை வறண்டுபோச்சு" என்றாள். "மாத்திரையை எங்க போட்ட?" "குப்பையில. நீ?" "நான் இன்னும் போடலைக்கா." "போய்ப் போடு முதல்ல" என்று படியேற்றி விட்டேன்.

போனை எடுத்தால் பியூலாவிடமிருந்து ஏழு தவறின அழைப்பு, மானும் யானையுமாக இருந்ததில் எனக்கு ஒன்றுதான் கேட்டிருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டேன், முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்தாள். "ஏம்மா எடுக்கலை? விழுந்துட்டியா? என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகலைடி. வீடு காலி பண்ணலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்." அந்தப் பக்கம் மூச்சு ஏறுகிறது, திட்டப்போகிறாள், அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று கடகடவென்று சொன்னேன், முதல் டாக்டர், பட்டுச்சேலைக்குள் வைத்த கடிதம், முகாம், அட்டை, ஆறு நாள், மான், கழுதை. சாயம் அடிக்கிற மாத்திரை என்றதும் அவள், "எதும்மா, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையா? எத்தனை போட்ட? நாலா? லேபுல இருக்கிற என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா உனக்கு?" என்று கத்தினாள், கத்தட்டும், அவள் கத்துகிறதைக் கேட்க எனக்கு இனிப்பாக இருந்தது. அப்புறம் குரலை இறக்கினாள். "அப்போ மாமாவுக்கு வந்தது உனக்கு இல்லையாம்மா?" "இல்லடி." "உறுதியா?" "கண் எழுதிட்டேன்டி. ரெண்டு மான், ஒரு யானை, கழுதைக்கு இன்னும் ஒரு பொட்டுதான் பாக்கி." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நான் பெற்ற பிள்ளை, ஆத்துமாவின் ஓசைகூட எனக்குத் தெரியும், இது எனக்காக மட்டும் அழுகிற அழுகை இல்லை. "என்னம்மா? பியூலா? என்ன கண்ணு?" "ஈஸ்டர்லேர்ந்து எனக்கும்..." என்றாள். "எனக்கும் வருமோன்னு. உன்னைப் பாத்துட்டு வந்த அடுத்த நாள் ஒருத்தருக்கு ஊசி குத்தும்போது ஆடின மாதிரி இருந்ததும்மா. அவர்கிட்டகூடச் சொல்லலை. தினமும் பாத்ரூம்ல போய்க் கையை நீட்டி நீட்டிப் பாப்பேன். பாக்கப் பாக்க ஆடும். உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா எனக்கு எப்படி வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்னுதான்..." அதுதானா அந்தக் கெஞ்சல். என் பிள்ளையை நான் என்னவெல்லாம் நினைத்தேன், தோல் நாற்றம் பிடிக்கவில்லை என்று, பக்கத்து வீட்டாருக்கு வெட்கப்படுகிறாள் என்று. தனியாக ஒரு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறாளே ஆண்டவரே, நான் இங்கே மிருகங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்த அதே நாட்களில். "எங்க இருக்க இப்ப?" "லேபுலதான். பின்பக்கம் வந்து நிக்கிறேன்." "அழுகையைத் துடை. போனை இடது கையில பிடி. வலது கையை நீட்டு." "அம்மா..." "நீட்டுடி. உத்துப் பாக்காத, முறைச்சா எந்தக் கையும்தான் ஆடும். என்கூடப் பேசிட்டே நீட்டு. மதியம் என்ன சாப்பிட்ட?" "எலுமிச்சை சாதம்." "தொட்டுக்க?" "அப்பளம். நமுத்துப்போச்சு." "நீட்டியிருக்கியா?" "ம்." "இப்பப் பாரு." பெங்களூர்ச் சாலையில் வண்டிகள் போகிற இரைச்சல் கேட்டது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். "ஆடலைம்மா" என்றாள்.